நான்கு நொடிக்குள் ஒரு சமதளம்

சிவகாசியில் அச்சான ஒரு நாள்காட்டித் தாளையோ, பளபளப்பான ஒரு புத்தக அட்டையையோ எடுத்து ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஜன்னல் கம்பிகளின் பிம்பம் அதில் விழும். கம்பி நேராகத் தெரிந்தால், மேலே இருக்கும் யூவி வார்னிஷ் சமமாகப் படிந்திருக்கிறது. கம்பியின் ஓரம் நெளிந்தால் பூச்சில் அலை இருக்கிறது. அங்கங்கே பிம்பம் அறுந்தால் பூச்சில் குழிகள் இருக்கின்றன.

அந்த வார்னிஷின் தடிமன் ஏறக்குறைய 5 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய படலத்தின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் ஒளி திரும்பும் விதம்தான். பரப்பு ஒரு பாகை சாய்ந்தால், அதில் பட்டுத் திரும்பும் கதிர் இரண்டு பாகை விலகுகிறது. மேடு எவ்வளவு உயரம் என்பதைக் கண் அளப்பதில்லை. மேட்டின் சரிவைத்தான் அது பிடித்துவிடுகிறது.

வழவழப்பு வரவில்லை என்றால் பெரும்பாலான பட்டறைகளில் உடனே செய்வது ஒன்றுதான்: 'லெவலிங்' மருந்தை இன்னும் கொஞ்சம் ஊற்றுவது. சில நேரம் அது பலிக்கிறது. பல நேரம் புதிய குழிகளையும் நுரையையும் கொண்டுவருகிறது. அந்தத் துணைப்பொருள் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், எப்போது ஊற்றலாம், எப்போது கை வைக்கக்கூடாது என்பது தெரிந்துவிடும். அதை விளக்குவதே இந்த அத்தியாயம்.

ஒளியில் உறையும் திரவம்

யூவி பூச்சில் நான்கு வகைப் பொருள்கள் கலந்திருக்கின்றன. முதலாவது ஒலிகோமர். எப்பாக்ஸி அக்ரிலேட், யூரித்தேன் அக்ரிலேட் போன்ற, தேனைவிடக் கெட்டியான பிசின்கள் இவை. படலத்துக்கு உடம்பு தருவது இதுதான். இரண்டாவது, பிசினை நீர்க்கச் செய்யும் மோனோமர்கள். இவை கரைப்பான் போல ஆவியாகிப் போவதில்லை. படலத்தின் பகுதியாகவே தங்கிவிடுகின்றன. மூன்றாவது ஒளித்தூண்டி. புற ஊதாக் கதிர் பட்டதும் இதன் மூலக்கூறு வினைபுரிந்து, தனித்த எலக்ட்ரான் கொண்ட துடிப்பான துணுக்குகளை உண்டாக்குகிறது. அவை அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்புகளைத் திறந்து ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துவிடுகின்றன. நான்காவது, மொத்த எடையில் ஓரிரு விழுக்காட்டைத் தாண்டாத துணைப்பொருள்கள். வழவழப்பின் கதை இந்தச் சிறுபான்மையிடம்தான் இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் 1960களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் மரப்பலகைப் பூச்சாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. அப்போது ஸ்டைரீனில் கரைத்த பாலியெஸ்டர் பிசின் பயன்பட்டது. பிறகு அதைவிடப் பல மடங்கு வேகமான அக்ரிலேட்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன. பாதரச ஆவி விளக்கின் அடியில் இன்றைய அக்ரிலேட் பூச்சு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கெட்டிப்படுகிறது. இப்போது 365, 385, 395 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் எல்இடி விளக்குகளும் வந்துவிட்டன.

இந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலைதான் வழவழப்புச் சிக்கல். கதவுக்கு எனாமல் அடித்தால், தூரிகைக் கோடுகள் தாமாகப் படிந்து மறைய அதற்குப் பல நிமிடங்கள் கிடைக்கின்றன. யூவி பூச்சுக்குக் கிடைப்பது, உருளையை விட்டு விளக்கை அடையும் நேரம் மட்டுமே. தாள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, உருளையிலிருந்து விளக்குவரை நான்கு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூச்சின் திரவ வாழ்க்கை நான்கே நொடி. அதற்குள் சமமாகாத எதுவும் பிறகு சமமாகப்போவதில்லை.

அலையைத் தட்டையாக்குவது யார்?

உருளையை விட்டு வரும் பூச்சில் மெல்லிய வரப்புகள் இருக்கும். அவற்றைத் தணித்துச் சமமாக்கும் விசை எது? புவியீர்ப்பு என்று தோன்றும். ஆனால் சில மைக்ரான் தடிமனும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் உள்ள அலையில் புவியீர்ப்பின் பங்கு மிகச் சிறியது. வேலையைச் செய்வது பரப்பு இழுவிசை. திரவம் தன் பரப்பளவைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறது. வரப்புள்ள பரப்பைவிடத் தட்டையான பரப்பு சிறியது. அதனால் மேடு இறங்கிப் பள்ளம் நிரம்புகிறது. திரவத்தின் பாகுநிலை இதற்குத் தடை போடுகிறது.

இந்த இழுபறியைக் கணக்காக எழுதியவர் எஸ்.ஈ. ஆர்ச்சர்ட். 1962இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பூச்சுத் துறையின் அடிப்படைப் பாடம். அலை தணிய ஆகும் நேரம் பாகுநிலைக்கு நேர்விகிதத்திலும், பரப்பு இழுவிசைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது அதன் முதல் பகுதி. எவரும் ஊகிக்கக்கூடியது. வியப்பு அடுத்த பகுதியில் இருக்கிறது. அலையின் அகலம் இரு மடங்கானால் தணியும் நேரம் பதினாறு மடங்காகிறது. பூச்சின் தடிமன் பாதியானால் நேரம் எட்டு மடங்காகிறது.

நம் நாள்காட்டித் தாளுக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். வார்னிஷின் தடிமன் 5 மைக்ரான். பாகுநிலை தண்ணீரைப் போல 200 மடங்கு. பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 30 டைன். வரப்புகள் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், அவற்றின் உயரம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைய 0.8 நொடி போதும். நான்கு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதே வரப்புகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அதே அளவு குறைய நூறு நொடிக்கு மேல் வேண்டும். விளக்கை அடையும்போது அந்த அலையில் 96 விழுக்காடு அப்படியே நிற்கும்.

இந்த இரண்டு எண்களும் நிறையச் சொல்கின்றன. பூச்சிடும் உருளையின் வரி நெருக்கமாக இருந்தால் கோடுகள் தாமே மறைகின்றன. வரி அகலமாக இருந்தால் எந்த மருந்தாலும் நான்கு நொடிக்குள் அவற்றை அழிக்க முடியாது. பூச்சை இரு மடங்கு தடிமனாகப் போட்டால் நூறு நொடி பதின்மூன்று நொடியாகச் சுருங்குகிறது. விளக்குக்கு முன்னால் அகச்சிவப்பு விளக்கு வைத்துப் பூச்சைச் சற்றுச் சூடாக்கினால், பாகுநிலை பல மடங்கு இறங்கி, நேரமும் அதே விகிதத்தில் இறங்குகிறது. மரப்பலகைப் பூச்சு வரிசைகளில் இந்தச் சூடான நடைபாதை வழக்கமாகவே இருக்கும்.

இனி முக்கியமான கேள்வி. லெவலிங் துணைப்பொருள்களில் பெரும்பாலானவை பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. ஆர்ச்சர்ட் சூத்திரத்தின்படி அலையைத் தட்டையாக்குவதே பரப்பு இழுவிசை. அதை 36 டைனிலிருந்து 27 டைனுக்குக் குறைத்தால் அலை தணியும் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடத்தான் செய்யும். அப்படியானால் சமமாக்கும் மருந்து சமமாவதைத் தாமதப்படுத்துகிறதா? ஆம், இந்த ஒரு கணக்கில் தாமதப்படுத்தவே செய்கிறது. அதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே திரவத்தில் இரண்டு இழுவிசை

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவுங்கள். விரல் நுனியில் சோப்பைத் தொட்டு நடுவில் வையுங்கள். மிளகு முழுவதும் ஒரு நொடியில் ஓரத்துக்கு ஓடிவிடும். விரலைச் சுற்றிப் பரப்பு இழுவிசை குறைந்துவிட்டது. தட்டின் ஓரத்தில் அது கூடுதலாகவே இருக்கிறது. இழுவிசை கூடிய பக்கம், குறைந்த பக்கத்தின் பரப்பைத் தன்னை நோக்கி இழுக்கிறது. பரப்போடு சேர்ந்து அடியிலுள்ள திரவமும் நகர்கிறது.

ஒயின் கிண்ணத்தின் உட்சுவரில் துளிகள் ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம் என்று 1855இல் ஜேம்ஸ் தாம்சன் விளக்கினார். இயற்பியலாளர் கெல்வினின் அண்ணன் இவர். 1865இல் இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தில் கார்லோ மாரங்கோனி இதையே தம் ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். அதனால் இந்த ஓட்டத்துக்கு அவர் பெயர் நிலைத்தது. 1900இல் பாரிஸில் ஹென்றி பெனார், அடியில் சூடேற்றிய மெல்லிய திரவப் படலம் அறுகோணக் கட்டங்களாகப் பிரிவதைக் கண்டார். சூடான திரவம் மேலேறுவதால் வரும் கட்டங்கள் என்று நீண்டகாலம் நம்பினார்கள். 1958இல் பியர்சன், அத்தனை மெல்லிய படலத்தில் அந்தக் கட்டங்களை உண்டாக்குவது பரப்பு இழுவிசையின் ஏற்றத்தாழ்வே என்று நிறுவினார். அவருடைய ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றுள் ஒன்று, காயும் பெயிண்ட் படலத்தில் தோன்றும் கட்டங்கள்.

பூச்சில் வரும் குழிகளின் பிறப்பும் இதுவே. காற்றழுத்தக் குழாயிலிருந்து எண்ணெய்த் திவலை ஒன்று வந்து விழுகிறது. இயந்திரத்துக்குப் போட்ட சிலிகோன் மசகு, கையில் பூசிய கிரீம், மையில் கலந்த மெழுகு, ஏதாவது ஒன்று பூச்சைத் தொடுகிறது. அந்தப் புள்ளியில் இழுவிசை சற்றே இறங்குகிறது. சுற்றியுள்ள திரவம் அங்கிருந்து விலகி ஓடுகிறது. நடுவில் பள்ளமும் சுற்றிலும் வரப்புமாக ஒரு குழி உருவாகிறது. மீன்கண் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஓரிரு டைன் வித்தியாசமே இதற்குப் போதும். ஆர்ச்சர்டின் அலை காத்திருந்தால் தணியும். மாரங்கோனியின் குழி காத்திருக்கக் காத்திருக்க விரியும்.

துணைப்பொருளின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அது திரவத்தின் பரப்புக்கு ஏறி, ஒரு மூலக்கூறு தடிமனுள்ள போர்வையாக எங்கும் படிகிறது. இழுவிசை எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு இறங்குகிறது. எண்ணெய்த் திவலை விழுந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. வேறுபாடு இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. லெவலிங் துணைப்பொருள் பரப்பை இழுத்துத் தட்டையாக்குவதில்லை. பரப்பு தானாகத் தட்டையாவதைக் கெடுக்கும் ஓட்டங்களை அது நிறுத்துகிறது.

எவ்வளவு சிறிய அளவு இதற்குப் போதும் என்பதையும் கணக்கிட்டு விடலாம். போர்வையின் தடிமன் ஒரு நானோமீட்டர் என்றால், 5 மைக்ரான் பூச்சில் அது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 0.02 விழுக்காடு. துணைப்பொருள் முழுவதும் மேலேறுவதில்லை. கொஞ்சம் திரவத்துக்குள் கரைந்து நிற்கும், கொஞ்சம் குமிழிகளின் சுவரில் ஒட்டும். அதையெல்லாம் சேர்த்தாலும் 0.1 விழுக்காட்டைச் சுற்றியே பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஊற்றுவது போர்வையைத் தடிமனாக்காது. மிச்சம் வேறெங்கோ தொல்லையாகத்தான் போய்ச் சேரும்.

நான்கு குடும்பங்கள்

வெசல் நகரின் பிக், எவோனிக்கின் டேகோ போன்ற ஜெர்மன் தயாரிப்புகளின் பட்டியலைத் திறந்தால் பல பத்துப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். மூலக்கூறின் அமைப்பைப் பார்த்தால், சமமாக்கும் துணைப்பொருள்கள் பெரும்பாலும் நான்கு குடும்பங்களில் அடங்கிவிடும்.

முதல் குடும்பம், பாலிஈதர் சேர்த்த சிலாக்ஸேன்கள். சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறிமாறி வரும் சங்கிலி இவற்றின் முதுகெலும்பு. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1940இல் யூஜீன் ரோக்கோ கண்டறிந்த செய்முறைதான் சிலிகோனைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. அந்தச் சங்கிலி மிக எளிதாக வளையும். அதனால் அதன் மெத்தில் தொகுதிகள் காற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ள முடிகிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை 73 டைன். யூவி மோனோமர்கள் பலவற்றில் அது 35 டைனைச் சுற்றி. பாலிடைமெத்தில்சிலாக்ஸேனில் 21 டைன்தான். ஆனால் தூய சிலிகோன் எண்ணெய் அக்ரிலேட்டில் கரையாது. துளியாகப் பிரிந்து, தானே குழிகளை உண்டாக்கும். அதனால் சங்கிலியின் பக்கவாட்டில் பாலிஈதர் கிளைகளைப் பொருத்துகிறார்கள். சிலிகோன் பகுதி மேலே போக இழுக்கிறது. பாலிஈதர் பகுதி திரவத்தோடு பிடித்து வைக்கிறது. இந்த இரண்டின் விகிதத்தை மாற்றினால் குணம் மாறுகிறது. சங்கிலி குட்டையாக இருந்தால் அடிப்பரப்பை நனைக்கும் திறன் கூடும். நீளமாக இருந்தால் வழுக்கும் தன்மையும் கீறல் தாங்கும் குணமும் கூடும். பொதுவாக 0.05 முதல் 0.3 விழுக்காடு போதும்.

இரண்டாம் குடும்பம், அக்ரிலேட் முனை கொண்ட சிலாக்ஸேன்கள். இவை யூவி பூச்சுக்கென்றே பிறந்தவை. முதல் குடும்பத்தின் மூலக்கூறு, பூச்சு கெட்டியான பிறகும் கட்டில்லாமல் கிடக்கும். அடுக்கி வைத்த தாள்களில் அடுத்த தாளின் முதுகில் அது ஒட்டிக்கொள்ளலாம். துடைத்தால் போகலாம். அக்ரிலேட் முனை உள்ள மூலக்கூறோ விளக்கின் அடியில் பூச்சின் வலையோடு பிணைந்துவிடுகிறது. அதன் வழுக்கல் நிலையானது. உணவுப் பொதிக்கும், கைபட்டுத் தேயும் மேசைப் பலகைக்கும் இது ஏற்றது.

மூன்றாம் குடும்பம், சிலிகோன் இல்லாத பாலிஅக்ரிலேட்டுகள். இவை பரப்பு இழுவிசையை அதிகம் குறைப்பதில்லை. திரவத்தோடு முழுதாகச் சேராமலும் முழுதாகப் பிரியாமலும் பாதி வழியில் நிற்பவை. அந்தப் பாதிச் சேர்க்கைதான் இவற்றைப் பரப்புக்குத் தள்ளுகிறது. அங்கே போய் ஏற்றத்தாழ்வை நிரவுகின்றன. இழுவிசை பெரிதாக இறங்காததால் அலையைத் தணிக்கும் விசையும் குறைவதில்லை. அடுத்த பூச்சும் நன்றாக ஒட்டும். அகலமான அலைகளுக்கும், மேலே இன்னொரு பூச்சு வரவேண்டிய அடிப்பூச்சுக்கும் இவையே முதல் தேர்வு. ஆனால் அளவு கூடுதலாக வேண்டும், சில வேளை ஒரு விழுக்காடு வரை. அளவு மிஞ்சினால் தெளிவான பூச்சில் மங்கல் தட்டும்.

நான்காம் குடும்பம், ஃபுளோரின் கொண்ட பரப்பூக்கிகள். இழுவிசையைக் குறைப்பதில் இவற்றுக்கு நிகர் எதுவும் இல்லை. எண்ணெய் படிந்த பிளாஸ்டிக்கையும் நனைத்துவிடும். ஆனால் கார்பன்–ஃபுளோரின் பிணைப்பை இயற்கை எளிதில் உடைப்பதில்லை. இந்த வகைச் சேர்மங்கள் நீரிலும் உயிர்களின் உடலிலும் தங்கிச் சேர்கின்றன. இப்படி அழியாமல் தங்கும் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் இவற்றில் பெயர்பெற்ற ஒன்றான பிஎஃப்ஓஎஸ் 2009இலும், பிஎஃப்ஓஏ 2019இலும் சேர்ந்தன. ஃபுளோரின் பரப்பூக்கிகளை நெடுங்காலம் தயாரித்த 3எம் நிறுவனம், இத்தகைய சேர்மங்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரு நாள்காட்டித் தாள் பளபளக்க, நூற்றாண்டுகள் அழியாத ஒரு பொருளைக் கலக்கத் தேவையில்லை. மற்ற மூன்று குடும்பங்களும் தோற்ற இடத்தில் மட்டும், வேறு வழி இல்லையென்றால் மட்டும், இதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை

துணைப்பொருள் எதுவும் இலவசமாக உதவுவதில்லை. சிலிகோன் போர்வை போர்த்திய பரப்பில் எதுவும் எளிதில் ஒட்டாது. நாள்காட்டியின் மேல் வார்னிஷ் போட்ட பிறகு தங்க ஃபாயில் அடிக்கவேண்டும் என்றால் அந்த வழுக்கும் பரப்பு ஃபாயிலைத் தள்ளிவிடும். அட்டைப் பெட்டியின் ஒட்டு மடிப்பில் பசை பிடிக்காது. அதனால்தான் பெட்டி அச்சில் அந்த மடிப்பை வார்னிஷ் இல்லாமல் வெறுமையாக விடுகிறார்கள். மரப்பலகையில் அடிப்பூச்சில் போட்ட சிலிகோன், அடுத்த பூச்சில் குழிகளாகத் தலைகாட்டும்.

நுரை இன்னொரு விலை. பரப்பைப் போர்த்தும் மூலக்கூறு, குமிழியின் சுவரையும் போர்த்தி உறுதியாக்குகிறது. உருளை சுழலும் வேகத்தில் காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. நான்கு நொடியில் அது வெளியேறாவிட்டால், விளக்கின் அடியில் ஊசித்துளையாக உறைகிறது. நுரை போக்கியைச் சேர்ப்பது அடுத்த படி. நுரை போக்கி வேலை செய்யவேண்டுமானால் அது திரவத்தில் கரையாமல் இருக்கவேண்டும். திரவத்தைவிட இழுவிசை குறைந்ததாகவும் இருக்கவேண்டும். அப்போதுதான் குமிழியின் சுவருக்குள் புகுந்து பரவி அதை உடைக்கும். கரையாமை, குறைந்த இழுவிசை என்ற இந்த இரண்டு குணங்களும்தான் குழியை உண்டாக்கும் எண்ணெய்த் திவலையின் குணங்களும். அளவு சற்று மிஞ்சினால் மருந்தே நோயாகிவிடும். லெவலிங்கும் நுரை போக்கியும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஒன்றைக் கூட்டி அதனால் வந்த கேட்டை மற்றொன்றைக் கூட்டிச் சரிசெய்யும் பட்டறை, ஒரு மாதத்தில் எதை எதற்காகப் போட்டோம் என்றே அறியாத கலவையில் போய் நிற்கும்.

யூவி பூச்சில் வேகமும் ஒரு நிபந்தனை. உருளையை விட்டு வந்த நொடியில் பூச்சின் பரப்பு புத்தம் புதியது. துணைப்பொருளின் மூலக்கூறுகள் உள்ளிருந்து மேலேறி அதைப் போர்த்த நேரம் வேண்டும். சிறிய மூலக்கூறு சீக்கிரம் வரும். பெரிய மூலக்கூறு தாமதமாக வரும். நிதானமாக அளந்த இழுவிசை மிக அழகாக இருக்கும் ஒரு பொருள், நான்கு நொடி வரிசையில் ஒன்றும் செய்யாமல் போவதற்கு இதுவே காரணம். மெதுவாகக் காயும் பெயிண்டில் புகழ்பெற்ற துணைப்பொருளை யூவி பூச்சுக்கு அப்படியே கொண்டுவருவதில் உள்ள ஆபத்து இது.

எந்த மருந்தும் தீர்க்காதவை

வழவழப்பின்மை எல்லாமே பரப்பு இழுவிசையால் வருவதில்லை. அக்ரிலேட் கெட்டிப்படும்போது மூலக்கூறுகள் நெருங்குவதால் படலம் கன அளவில் 5 முதல் 15 விழுக்காடு வரை சுருங்கும். அடியில் உள்ள தாளின் நார் மேடுபள்ளமாக இருந்தால், சுருங்கும் படலம் அதன் வடிவத்தை அப்படியே மேலே காட்டிவிடும். தாள் மோனோமரை உறிஞ்சினாலும் இதே கதிதான். அடிப்பூச்சு ஒன்று போட்டுத் தாளின் துளைகளை அடைப்பதே இதற்கு வழி.

வழக்கமான எண்ணெய் மையின் மேல், அது காயும் முன் யூவி வார்னிஷ் போட்டால், முதல் நாள் கண்ணாடி போல மின்னும் தாள் ஓரிரு நாளில் ஒளி மங்கும். அடியில் காயும் மை மேலே உள்ள படலத்தைக் குலைத்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் நீர்வழி அடிப்பூச்சு ஒன்று தேவை, அல்லது மையையே யூவி மையாக மாற்றவேண்டும்.

சுருக்கம் விழுவது மற்றொரு வகை. மேல்தோல் முதலில் கெட்டியாகி அடிப்பகுதி திரவமாகவே இருந்தால், சுருங்கும் தோல் மடிந்துபோகும். 172 நானோமீட்டர் எக்ஸைமர் விளக்கால் இதை வேண்டுமென்றே செய்து, மேசைப் பலகைகளுக்கு மென்மையான மங்கல் பரப்பு தருகிறார்கள். கேட்காமல் வரும்போது அது விளக்கின் அலைநீளத்துக்கும் ஒளித்தூண்டிக்கும் பொருத்தமில்லை என்பதன் அடையாளம். இதற்கு நேர்மாறானது, மேல்தோல் பிசுபிசுப்பாகவே நிற்பது. காற்றின் ஆக்ஸிஜன் சங்கிலி வினையை மேற்பரப்பில் அறுத்துவிடுவதால் வருவது அது. அமீன் சேர்ப்பதும், விளக்கின் அடியில் நைட்ரஜன் ஊதுவதும் அதற்குத் தீர்வு. லெவலிங் மருந்துக்கு இந்த இரண்டிலும் வேலையே இல்லை.

பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கில் பூச்சு ஓரத்திலிருந்து சுருண்டு பின்வாங்கினால் குற்றம் அடிப்பரப்பில். அதன் பரப்பு ஆற்றல் 30 டைனைச் சுற்றியே இருப்பதால், 35 டைன் உள்ள திரவம் அதை நனைக்காது. பரப்பு ஆற்றலைக் காட்டும் டைன் பேனாவால் கோடு இழுத்துப் பார்த்து, கொரோனா மின்பொறியால் பரப்பை உயர்த்தியபின், தேவையென்றால் மட்டும் நனைக்கும் துணைப்பொருளைத் தேடவேண்டும்.

தேர்வு செய்யும் முறை

இனித் தேர்வு செய்வது எப்படி என்று வரிசையாகச் சொல்லலாம். முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் குறையைப் பாருங்கள். ஒழுங்கான இடைவெளியில் அலைகளா, நடுவில் புள்ளியுள்ள குழிகளா, ஊசித்துளைகளா, சுருக்கமா? பெயர் தெரியாத குறைக்கு மருந்து தேடக்கூடாது.

அடுத்து, அதே பூச்சைக் கண்ணாடித் தகட்டில் இரண்டு முறை இழுத்துப் பரப்புங்கள். ஒன்றை ஐந்து நொடியில் விளக்கின் அடியில் அனுப்புங்கள். இன்னொன்றை ஒரு நிமிடம் காத்திருக்க விட்டு அனுப்புங்கள். காத்திருந்த தகடு வழவழப்பாக இருந்தால், பூச்சுக்கு வேண்டியது நேரம். சூடேற்றுங்கள், பாகுநிலையைக் குறையுங்கள், விளக்கைத் தள்ளி வையுங்கள், நெருக்கமான வரியுள்ள உருளையைப் போடுங்கள். காத்திருந்த தகட்டில் குழிகள் பெருகியிருந்தால், அது இழுவிசையின் ஏற்றத்தாழ்வு. துணைப்பொருளுக்கு உரிய இடம் அதுதான். அப்போதும் முதலில் அழுக்கின் ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள். காற்றுக் குழாயின் எண்ணெய் வடிகட்டியை மாற்றினால் தீரும் சிக்கலுக்குப் பீப்பாய் பீப்பாயாக மருந்து கலப்பது வீண்.

துணைப்பொருள் தேவை என்று உறுதியானால், ஒரு கேள்வியில் தொடங்குங்கள்: இந்தப் பூச்சின் மேல் ஏதாவது ஒட்டவேண்டுமா? ஃபாயில், பசை, இன்னொரு பூச்சு எதுவாயினும் வரவேண்டும் என்றால் பாலிஅக்ரிலேட். இதுவே கடைசிப் பூச்சு, வழுக்கலும் வேண்டும் என்றால் அக்ரிலேட் முனையுள்ள சிலாக்ஸேன். நனைப்பதும் குழி தடுப்பதும் மட்டும் போதும் என்றால் குட்டைச் சங்கிலிப் பாலிஈதர் சிலாக்ஸேன்.

பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள்: சுழியம், 0.05, 0.1, 0.2, 0.4 விழுக்காடு. சுழியம் இருக்கும் தகட்டை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் மற்றவை எதையும் நிறுவுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் வழவழப்போடு நுரை, தெளிவு, ஒட்டுத்திறன் மூன்றையும் பாருங்கள். பூச்சைக் கட்டம் கட்டமாகக் கீறி நாடா ஒட்டி இழுக்கும் சோதனை இதற்குப் போதும். கலவையை 50 பாகை வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்திருந்து மீண்டும் சோதியுங்கள். சில துணைப்பொருள்கள் நாள்பட மெல்லப் பிரிந்து தனியே போகும். கடைசியாக, ஆய்வக மேசையில் வென்றதை உண்மையான வரிசையில், உண்மையான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தேர்வின் தீர்ப்பு அங்கேதான்.

குறையை நீக்கும் மிகச் சிறிய அளவு எதுவோ, அதுவே சரியான அளவு. குறை நீங்கிய இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பூச்சும், ஃபாயிலும், பசையும், அந்தத் தாள் குப்பையாகும் நாளில் அதை ஏற்கும் மண்ணும் நீரும், நாம் ஊற்றாமல் விட்ட அந்த மிச்சத்தால் பயன்பெறும்.